அப்பாவுக்கு அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்

ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளைக் காணோம். "இருக்கியா, கடையைச் சாத்திட்டியா"ன்னு நாலஞ்சு பேர் மெயில் போட்டுக் கேட்டிருந்தீங்க. இருக்கேன் மக்களே. லீவு போட்டுட்டு இப்போ திருவண்ணாமலையில இருக்கேன்.

மேட்டர் என்னன்னா, அடுத்த வியாழக்கிழமை அப்பாவுக்கு ஆபரேஷன். ஹெர்னியா. நம்ம ஊர்ல குடலிறக்கம்னு சொல்வாங்க. அடிவயித்துத் தசையில ஒரு இடம் பலவீனமாகி, அது வழியா உள்ள இருக்கிற குடலோ கொழுப்போ வெளியில புடைச்சுக்கிட்டு வரும். படுத்தா உள்ளே போயிடும், எழுந்து நடந்தா திரும்ப வரும். பெரிய வியாதி இல்ல, தினமும் ஆயிரக்கணக்கானவங்களுக்குப் பண்ற ஆபரேஷன்தான். ஆனா 64 வயசுல முதல் தடவையா ஆஸ்பத்திரியில படுக்கப் போறவருக்கு அது 'தினமும் பண்ற ஆபரேஷன்' இல்லையே. அவருக்கு அது ஒண்ணுதான்.

இந்தப் பத்து நாளா நாங்க பண்ணின தயாரிப்புகளைத்தான் எழுதப் போறேன். வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா உங்களுக்கும் உபயோகப்படலாம்.

அப்பா மளிகைக்கடைக்காரர். முப்பது வருஷம் அரிசி மூட்டை, சர்க்கரை மூட்டைன்னு தூக்கிப் போட்டவர். நான் பொறந்த வருஷத்துல இருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம். கொரோனா சமயத்துல கிரிவலத்துக்குத் தடை போட்டிருந்தாங்களே, அந்த மாசங்களைத் தவிர அவர் விட்டதே இல்ல. 14 கிலோமீட்டர், செருப்பில்லாம, மூணரை மணி நேரத்துல முடிச்சுட்டு வந்து காலையில கடையைத் திறந்துடுவார்.

போன தடவை ஊருக்கு வந்தப்போ அவர்கூட நானும் நடந்தேன். எம லிங்கம் வரைக்கும் நல்லாத்தான் வந்தார். நிருதி லிங்கம் தாண்டினதும் வலது கையை வேட்டி மடிப்புக்குள்ள வச்சு அடிவயித்தை அழுத்திக்கிட்டே நடக்க ஆரம்பிச்சார். "என்னப்பா?"ன்னு கேட்டா "வாயு"ன்னார். வாயு லிங்கம் இன்னும் வரலையேப்பான்னு நான் கடிக்க, அவர் சிரிக்கலை. குபேர லிங்கத்துக்கு அந்தப் பக்கம் இடுக்குப் பிள்ளையார்ல, அந்தச் சின்ன சந்துக்குள்ள ஒருக்களிச்சுப் படுத்து ஊர்ந்து வெளியில வர்றப்போதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா போட்ட போடுல உண்மை வெளியில வந்தது. நாலு வருஷமா இருக்காம். லங்கோடு இறுக்கிக் கட்டிக்கிட்டே சமாளிச்சிருக்கார். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை.

விஷயம் தெரிஞ்சதும் சொந்தக்காரங்க ஆரம்பிச்சாங்க. அத்தை போன்ல "இடது பக்கமாமே?"ன்னாங்க. வேலூர் மாமா "வலது பக்கம்னு சொன்னாங்க, ரெண்டு பக்கமும் இருக்குமோ?"ன்னார். இத்தனைக்கும் எந்தப் பக்கம்னு சரியாத் தெரிஞ்ச ஒரே ஆள் திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். அவரை யாருமே கேட்கலை.

சித்தப்பா நேர்லயே வந்துட்டார். அவருக்குக் கத்தின்னாலே ஆகாது. "ரமண மகரிஷியே ஆபரேஷன் வேணாம்னு சொன்னவரு அண்ணி, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நாம கத்திக்குப் பயந்து ஓடாம, கத்தியைத் தேடிப் போறோமே"ன்னார். அம்மா விடலை. "நாலு தடவை பண்ணிக்கிட்டாரு தம்பி. எங்க தாத்தா சொல்லியிருக்காரு."

இது எங்க ஊருக்கே உரிய சண்டை. யாருக்கு ஆபரேஷன்னாலும் ரெண்டு கட்சியும் ரமணரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும். வேடிக்கை என்னன்னா ரெண்டு பேர் சொல்றதும் சரி.

நடந்தது இதுதான். 1949 ஆரம்பத்துல ரமணரோட இடது கையில, முழங்கைப் பக்கம் சின்னதா ஒரு கட்டி. பிப்ரவரி 9-ம் தேதி அதை அறுத்து எடுத்தாங்க. ஒரே மாசத்துல திரும்ப வந்தது. மார்ச் 27-ல ரெண்டாவது ஆபரேஷன். பரிசோதனையில அது சார்கோமாங்கிற புற்றுநோய்னு தெரிஞ்சது. ரேடியம் வச்சுப் பார்த்தாங்க. ஆகஸ்ட் 7-ல மூணாவது, டிசம்பர் 19-ல நாலாவது. ஒரே வருஷத்துல நாலு. நடுவுல பச்சிலை வைத்தியர்கள், ஆயுர்வேதம், ஹோமியோபதின்னு ஒவ்வொரு பக்தரும் தனக்கு நம்பிக்கையான வைத்தியத்தைக் கொண்டு வந்தாங்க. அவர் எதையும் மறுக்கலை. உங்களுக்குத் திருப்தின்னா செய்யுங்கங்கிற மாதிரி கையை நீட்டிக்கிட்டு இருந்தார்.

ஒரே ஒரு விஷயத்துலதான் முடியாதுன்னார். கையையே எடுத்துடலாம்னு டாக்டர்கள் யோசனை சொன்னப்போ. உடம்பே ஒரு நோய்தான், அது அதோட போக்குல முடியட்டும், அதை ஊனமாக்க வேணாம்கிற அர்த்தத்துல மறுத்துட்டார். சுத்தி இருந்தவங்க எவ்வளவோ அழுதிருப்பாங்க, ஆனா அந்த வார்த்தையை மீறலை. கை எடுக்கப்படலை. தரிசனத்தை நிறுத்தவும் அவர் கடைசி வரைக்கும் சம்மதிக்கலை. 1950 ஏப்ரல் 14, ராத்திரி 8.47-க்கு உடம்பை விட்டார். அந்தச் சின்ன அறை இன்னைக்கும் ஆசிரமத்துல அப்படியே இருக்கு. செங்கம் ரோட்டுல கிரிவலம் போறப்போ அப்பா அந்த வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டுத்தான் நடப்பார்.

இதை வச்சு ஹெர்னியாவுக்குக் கத்தி வேணும், வேணாம்னு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது 1949-ல வந்த புற்றுநோய், இது தசையில விழுந்த ஓட்டை. சித்தப்பாவுக்கும் அதைத்தான் சொன்னேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு உறைச்சது. அத்தனை பேர் கூடி அத்தனை வைத்தியம் பேசின இடத்துலயும், கடைசியா யாரோட கையோ அவரோட வார்த்தைதான் நின்னது. அவரைக் கேட்டாங்க. அவர் சொன்னதைக் கேட்டுக்கிட்டாங்க.

எங்க வீட்டுல இன்னும் அப்பாவை யாரும் கேட்கலை.

முதல் ஆளாக் கேட்டவர் சர்ஜன்தான். உள்ளே போனதும் நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திட்டு, "ஐயா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன தொந்தரவு?"ன்னு அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு செகண்ட் என்னைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பிச்சவர் பத்து நிமிஷம் நிறுத்தலை. எந்தப் பக்கம், எப்போலருந்து, எத்தனை கிலோ மூட்டை தூக்கினா வரும், இருமினா எப்படி, எந்த லிங்கம் தாண்டினா வலிக்கும், எல்லாம்.

டாக்டர் ரெண்டு வழி சொன்னார். தொந்தரவு இல்லாத ஹெர்னியான்னா உடனே அறுக்கணும்னு கட்டாயம் இல்லையாம், கவனிச்சுக்கிட்டே இருக்கலாமாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2006-ல அமெரிக்காவுல 720 ஆண்களை வச்சு ஒரு ஆய்வு. அதிகத் தொந்தரவு இல்லாத ஹெர்னியாக்காரங்கள்ல பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேரைச் சும்மா கவனிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு வருஷத்துல கவனிப்புல இருந்தவங்கள்ல சுமார் கால்வாசிப் பேர், வலி அதிகமாகி, அவங்களாவே ஆபரேஷனுக்கு வந்துட்டாங்க. ஆனா குடல் மாட்டிக்கிட்டு ஆபத்தானது ரொம்ப ரொம்பக் குறைவு. மாட்டிக்கிட்டா அது அவசரம். புடைப்பு உள்ளே போகாம, கல்லு மாதிரி ஆகி, வலியும் வாந்தியும் வந்தா ரத்த ஓட்டம் நின்னு போகலாம், அப்போ எந்த நேரமா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

"உங்களுக்குத் தொந்தரவு இருக்கு, அதனால பண்ணிக்கிறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா முடிவு உங்களுது"ன்னார் டாக்டர்.

அப்பா கேட்ட ஒரே கேள்வி: "பண்ணிக்கிட்டா, கையை வச்சு அழுத்தாம மலை சுத்தலாமா சார்?"

"சுத்தலாம்."

"அப்போ பண்ணிடுங்க."

அம்மாவுக்கும் எனக்கும் இருந்த பயம் குடல் மாட்டிக்குமேங்கிறது. அவர் முடிவு பண்ணின காரணம் வேற. ஆபரேஷன் ஒண்ணுதான், ஆனா ஆளுக்கு ஆள் காரணம் வேற இருக்கும்போல. படுக்கப் போறவரோட காரணம் தெரியாம நாம பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்தா, பாதி ஏற்பாடு நமக்காகத்தான் இருக்கும்.

ஓட்டையை அடைக்க ஒரு வலை வைப்பாங்களாம், மெஷ். பாலிப்ரொப்பிலீன் இழையில நெய்தது. 1989-ல லாஸ் ஏஞ்சலஸ்ல இர்விங் லிக்டென்ஸ்டைன்ங்கிற சர்ஜனும் அவர் குழுவும், தசையை இழுத்துப் பிடிச்சுத் தைக்கிறதுக்குப் பதிலா வலையை வச்சு 1000 பேருக்குப் பண்ணினதை வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா அந்த முறைதான் பரவிச்சு. டாக்டர் மேஜையில இருந்து ஒரு துண்டு எடுத்துக் காட்டினதும் அப்பா "கொசுவலை மாதிரி இருக்கே"ன்னார். நான் நெளிஞ்சேன். டாக்டர் சிரிச்சுட்டு, "கொசுவலையே வச்சும் பண்ணியிருக்காங்க ஐயா"ன்னார். நெசமாத்தான். மகாராஷ்டிராவுல தோண்டைச்சாங்கிற சின்ன ஊர்ல டாக்டர் தோங்காவ்கர்னு ஒருத்தர், கம்பெனி மெஷ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகலைன்னு, கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கம் பண்ணி ஹெர்னியாவுக்கு வச்சிருக்கார். 2003-ல அதைப் பத்திக் கட்டுரையும் வந்தது. 2016-ல உகாண்டாவுல 302 பேர்கிட்ட ஒப்பிட்டுப் பார்த்ததுல விலை உசந்த மெஷ்ஷுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை. மளிகைக்கடைக்காரர் கண்ணு தப்பாப் பார்க்காது :)

அடுத்து மயக்க மருந்து டாக்டர். ஒரு அம்மா. இவங்களைப் பார்க்கிறதை நம்ம ஆளுங்க ஒரு சடங்கா நினைக்கிறாங்க. உண்மையில ஆபரேஷன் தயாரிப்புல பாதி இவங்ககிட்டதான் இருக்கு. ஆட்டம் காணுற பல்லு இருக்கா, மாடிப்படி எத்தனை ஏறினா மூச்சு வாங்குது, முன்னாடி எதுக்காவது ஊசி போட்டு ஒத்துக்காமப் போயிருக்கா, என்னென்ன மாத்திரைன்னு வரிசையாக் கேட்டாங்க.

அப்பா பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை ரெண்டையும் எடுத்து வச்சார். "அவ்வளவுதானா ஐயா?" "அவ்வளவுதான்." "நாட்டு மருந்து? சூரணம், லேகியம்? மூக்குப்பொடி?" அப்பா பேசலை. அம்மா கைப்பையில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில வச்சாங்க. வாயுவுக்குன்னு நாட்டு மருந்துக்கடையில வாங்கினது. கூடவே பொடி டப்பி.

அந்தம்மா திட்டவே இல்ல. பொட்டலத்து மேல எழுதியிருந்ததைப் படிச்சு எழுதிக்கிட்டாங்க. பூண்டு, இஞ்சி மாதிரி சிலது, சமையல்ல போடுற அளவுக்கு மேல மருந்தா எடுத்துக்கிட்டா ரத்தம் உறையுறதைப் பாதிக்கலாமாம். அதான் கேட்கிறாங்க. சூரணத்தையும் பொடியையும் நிறுத்தச் சொன்னாங்க. பி.பி. மாத்திரையை ஆபரேஷன் அன்னைக்குக் காலையில ஒரு வாய்த் தண்ணியில போட்டுக்கணும், சர்க்கரை மாத்திரை அன்னைக்குக் காலையில வேணாம். எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது, முக்கியமா ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரைன்னா. அவங்க சொல்றதுதான்.

அப்புறம் வெறும் வயிறு. இங்கதான் அப்பாவுக்குத் தன்னம்பிக்கை வந்தது. "அதெல்லாம் கவலையே படாதீங்க டாக்டரம்மா. தீபத்தன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மலையில தீபம் தெரியுற வரைக்கும் சோறு தொட மாட்டேன். பால் மட்டும்தான்."

"பாலும் கூடாது ஐயா."

"பால் விரதத்துல சேர்த்திதானேம்மா?"

அந்தம்மா பொறுமையா விளக்கினாங்க. விரதத்துல பால் ஆகாரம் இல்ல, ஆனா வயித்துக்கு அது ஆகாரம்தான். உள்ளே போனதும் திரிஞ்சு கட்டியாகி, மெதுவாத்தான் இறங்கும். மயக்கத்துல தொண்டையோட காவல் வேலை செய்யாது. வயித்துல இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து. 1946-ல நியூயார்க்ல கர்ட்டிஸ் மெண்டல்சன்ங்கிற பிரசவ டாக்டர் 44,016 கர்ப்பிணிகளோட பதிவுகளைப் பார்த்து, அதுல 66 பேருக்கு இப்படி நடந்ததைக் கண்டுபிடிச்சு எழுதினார். அதுக்கப்புறம்தான் இந்த வெறும் வயிறு இவ்வளவு கண்டிப்பாச்சு. இப்போ கணக்கு இப்படி: எண்ணெய்ப் பலகாரம், கறி மாதிரி கனமான சாப்பாடுன்னா 8 மணி நேரம், லேசான டிபன், பால்னா 6 மணி நேரம், வெறும் தண்ணின்னா 2 மணி நேரம். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போகப் பண்ணினாலும் இதேதான். ஏன்னா நடுவுல முழு மயக்கம் குடுக்க வேண்டி வரலாம்.

"தீர்த்தம்?"னார் அப்பா. நேரத்தோட குடிச்சுக்கலாம்னாங்க. திருநீறு வச்சுக்கலாமான்னார். தாராளமா. இன்னொண்ணும் அவங்களே சொன்னாங்க: ஊசி போட்டப்புறம் சில மணி நேரம் கால் இருக்கிறதே தெரியாது, பயப்படாதீங்க, தானா வந்துடும். முன்னாடியே சொன்னது எவ்வளவு பெரிய உதவின்னு அப்பா முகத்தைப் பார்த்தா தெரிஞ்சது. நடக்கிறதையே பிழைப்பா வச்சிருக்கிற மனுஷன், காலை அசைக்க முடியலைன்னா அங்கேயே உயிரை விட்டிருப்பார்.

முந்தின நாள் நல்லா சோப்புப் போட்டுக் குளிக்கணும். ஆனா வீட்டுல சவரம் பண்ணிக்கிட்டு வரக்கூடாது. அப்பா அதுக்குள்ள தெருமுனை சலூன்காரர்கிட்ட புதன்கிழமைக்குச் சொல்லி வச்சுட்டார்! பிளேடு படுறப்போ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அதுல கிருமி குடியேறும். முடியை எடுக்காம விடுங்க, எடுத்தே ஆகணும்னா கிளிப்பர்ல எடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2016-லயே சொல்லிடுச்சு. சலூன்காரருக்குப் போன் போட்டு ஆர்டரை கேன்சல் பண்ணியாச்சு.

நாம பொட்டி தட்டுற கூட்டம். புரொடக்‌ஷன்ல ஒரு சின்ன மாத்தம் போடவே செக்லிஸ்ட் வச்சு, நாலு பேர் கையெழுத்து வாங்கி, தப்பாப் போனா பழையபடி திருப்பிப் போடவும் வழி வச்சிருப்போம். ஆபரேஷன் தியேட்டர்ல பழையபடி திருப்பிப் போடுற வசதி கிடையாது. அவங்களுக்குச் செக்லிஸ்ட் இருக்கான்னு தேடினேன். இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்தது, அந்தக் குழுவுக்குத் தலைமை அதுல் கவாண்டே. மொத்தம் 19 விஷயம். மயக்கம் குடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம், கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம், தியேட்டரை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம். டெல்லி, லண்டன், மணிலான்னு 8 ஊர்ல 8 ஆஸ்பத்திரியில சோதிச்சுப் பார்த்ததுல, ஆபரேஷனுக்கு அப்புறமான சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8-க்கும், பெரிய சிக்கல்கள் 11-ல இருந்து 7 சதவீதத்துக்கும் இறங்கிச்சுன்னு 2009-ல வெளியிட்டாங்க. ஒரு தாள்தான். புது மெஷின் இல்ல, புது மருந்து இல்ல.

அந்தத் தாளோட முதல் வரி என்னன்னு பார்த்தா, நோயாளியையே கேட்கச் சொல்லுது. நீங்க யாரு, எந்த இடத்துல, என்ன ஆபரேஷன், சம்மதமா. பையனை இல்ல, பொண்டாட்டியை இல்ல. இதை அப்பாகிட்ட சொன்னதுல இருந்து அவர் ஒத்திகை பார்க்க ஆரம்பிச்சுட்டார். பேர் சொல்லி, "வலது பக்கம், குடலிறக்கம், வலை வச்சுத் தைக்கணும், சம்மதம்"னு. கடைக்கு வர்றவங்க எல்லாரும் கேட்டாச்சு.

சம்மதப் பத்திரத்தையும் முன்னாடியே வாங்கிட்டு வந்தேன். தியேட்டர் வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல வச்சு நீட்டினா யாரு படிப்பா? கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு வரி விடாமப் படிச்சார். பின்விளைவுகள்னா என்னென்னன்னு மறுபடி போய்க் கேட்டார். ரத்தக்கசிவு, சீழ் பிடிக்கிறது, ஒண்ணுக்கு வராம நிக்கிறது, சிலருக்கு ரொம்ப நாள் வலி, திரும்ப வர்ற வாய்ப்புன்னு டாக்டர் சொல்லச் சொல்ல, பில் போடுற மாதிரி எழுதிக்கிட்டார். சித்தப்பா "இதையெல்லாம் அவருக்கு எதுக்குச் சொல்றீங்க, பயந்துடுவாரு, தம்பி நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு"ன்னார்.

நம்ம வீடுகள்ல இது பாசம்தான். ஆனா சட்டமும் இதை ஏத்துக்கிறது இல்ல. சமீரா கோலி வழக்குன்னு ஒண்ணு. 1995-ல டெல்லியில, 44 வயசுப் பெண் ஒருத்தர், உள்ளே என்ன பிரச்சினைன்னு பார்க்கிறதுக்கான லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதிச்சுப் படுத்தார். அவர் மயக்கத்துல இருக்கும்போது வெளியில இருந்த வயசான அம்மாகிட்ட சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. 2008 ஜனவரி 16-ல உச்ச நீதிமன்றம் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்போ, வயசு வந்து சுயநினைவோட முடிவெடுக்கக் கூடியவங்களுக்குப் பதிலா அம்மாவோட சம்மதம் செல்லாது. அவர் கண் முழிக்கிற வரைக்கும் காத்திருந்திருக்கணும்.

சித்தப்பாவுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ அண்ணனே போடட்டும்"னார். அப்பா போட்டார். கடை ரசீதுல போடுற அதே கையெழுத்து, தேதியோட.

எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சப்போ நர்ஸ் ஒரு விஷயம் சொன்னாங்க. உடம்புல உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம், சங்கிலி, அரைஞாண். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால சுடுற கருவி வச்சிருப்பாங்க, உலோகம் இருந்தா அந்த இடத்துல புண்ணாக வாய்ப்பிருக்கு. அதுவும் இது அடிவயித்துல பண்ற ஆபரேஷன். "கழட்ட வரலைன்னா தியேட்டர்ல வெட்டி எடுத்துடுவோம்"னாங்க, சாதாரணமா.

அப்பா முகம் மாறிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் சாப்பிடலை. அம்மாதான் எனக்குச் சொன்னாங்க. எங்க பக்கம் ஆம்பிளை இடுப்புல அரைஞாண் இல்லாம இருக்கக்கூடாது. கயிறு பழசானா புதுசைக் கட்டிட்டுத்தான் பழசை அவிழ்ப்பாங்க. மொத்தமா எடுக்கிறது ஒரே ஒரு தடவைதான். அதை எடுக்கிறது அடுத்தவங்க கை. அப்பாவோட வெள்ளி அரைஞாண் எங்க ஆயா கட்டினது.

நான் பெருசா ஒண்ணும் பேசலை. ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து, "நீங்க எப்படி பண்ணணும்னு நினைக்கிறீங்கப்பா?"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம், "வெட்ட வேணாம்னு சொல்லுடா. நானே கழட்டித் தர்றேன். உங்கம்மா கையில"ன்னார்.

மறுநாள் போய் நர்ஸ்கிட்ட கேட்டேன். "தாராளமா, வார்டுலயே அவரே கழட்டிக் குடுக்கட்டும். மயக்கம் தெளிஞ்சு வார்டுக்கு வந்தப்புறம் கயிறாக் கட்டிக்கட்டும், தையல் ஆறினப்புறம் வெள்ளியைப் போட்டுக்கலாம்"னாங்க. அரை நிமிஷம்கூட ஆகலை. கேட்டதுக்கு அவங்க ஆச்சரியமும் படலை, கிண்டலும் பண்ணலை. அம்மா அன்னைக்கே கோயில் வாசல்ல புதுக் கயிறு வாங்கி மஞ்சள் துணியில முடிஞ்சு வச்சுட்டாங்க. அப்பா அன்னைக்கு நாலு இட்லி கூடுதலாச் சாப்பிட்டார்.

இன்ஷூரன்ஸ் பேப்பர், பழைய ரிப்போர்ட், ஆதார் நகல், லூஸான ரெண்டு வேட்டி, பிளாஸ்க், போன் சார்ஜர்னு பை ரெடி. நாலஞ்சு நாள் பரபரன்னு ஓடிட்டு இப்போ வீடே அமைதியா இருக்கு. பயம் போயிடுச்சான்னா இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா எழுந்து தண்ணி குடிக்கிற சத்தம் கேட்குது, நானும் முழிச்சுத்தான் இருக்கேன். ஆனா எதைப் பார்த்துப் பயப்படுறோம்னு இப்போ ரெண்டு பேருக்கும் தெரியும்.

வர்ற பௌர்ணமி ஆபரேஷனுக்கு ஆறே நாள் கழிச்சு. டாக்டர் மெதுவா நடக்கச் சொல்லியிருக்கார், ஆனா வீட்டுக்குள்ள. 14 கிலோமீட்டரை அதுக்கப்புறம் அவர் பார்த்துட்டுச் சொல்வாராம். மூட்டை தூக்கக் கூடாது. கடையில மூட்டைக்கு ஆள் போட்டாச்சு. அந்த ஒரு பௌர்ணமிக்கு அப்பாவுக்குப் பதிலா அம்மாவும் நானும் நடக்கிறதா முடிவாகியிருக்கு. முடிவு பண்ணினது அப்பா. செருப்பு போடக் கூடாது, எட்டு லிங்கத்துலயும் நிக்கணும், ஆசிரம வாசல்ல ஒரு நிமிஷம், போனை நோண்டக் கூடாதுன்னு கண்டிஷன் லிஸ்ட் நீளுது. இடுக்குப் பிள்ளையாருக்கு மட்டும் விலக்கு. என் தொப்பையைப் பார்த்துட்டு அவரே குடுத்தது.

டிஸ்கி: இது எங்கப்பாவுக்கு அவரோட டாக்டர்கள் சொன்னது. மாத்திரை, பட்டினி நேரம் எல்லாம் உங்க டாக்டர் சொல்றபடி. வீட்டுல யாருக்காவது தேதி குறிச்சிருந்தா, லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல போய் ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க. வியாழக்கிழமை முடிஞ்சதும் வந்து சொல்றேன்.